ஜார்ஜியன் வீட்டில் மகளுக்கு விடுதி அறை: முதலில் படிக்கட்டைப் பாருங்கள்

மகளுக்கு 13 வயது, தென்மேற்கு இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்துப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது, தங்கப்போகும் விடுதி 1770-களில் கட்டிய ஜார்ஜியன் டவுன்ஹவுஸ் (நகரத் தெருவோரத்து உயரமான மாடி வீடு) என்று பள்ளியின் கையேடு பெருமையாகப் போட்டிருக்கிறது, அவளுக்கு ஒதுக்கியிருப்பது கூரைக்கு அடியில் உள்ள மேல்மாடி அறை. இவ்வளவு பழைய வீடு இடிந்து விழாதா, குளிராதா, பேசாமல் புது பிளாக்கில் இடம் கேட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் படித்த வரைக்கும் இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: ராத்திரி இரண்டு மணிக்கு அந்த வீட்டில் ஏதாவது ஆனால் அவள் பத்திரமாக வெளியே வந்துவிடுவாளா? அதையே பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். குளிர், ஈரம் எல்லாம் அப்புறம்.

நான் பழைய கட்டடங்களைப் பரிசோதிக்கிற சர்வேயர். இங்கிலாந்தில் பல வருஷமாக இதே வேலை, அதில் பள்ளிக் கட்டடங்கள் கணிசம். உங்கள் மகள் போகப்போகிற வீட்டை நான் பார்த்ததில்லை, கையேட்டில் உள்ள படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்கிற ஆள் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். அந்த வகை வீடு எப்படிக் கட்டப்பட்டது, விடுதியாக மாற்றும்போது எது கெடும், யாரிடம் எதைக் கேட்டால் விஷயம் வெளியே வரும் என்பது வரைக்கும் என்னால் சொல்ல முடியும். தீத்தடுப்பில் கடைசி வார்த்தை அந்த வீட்டுக்கென்று ஆய்வு செய்த தீத்தடுப்பு நிபுணருடையது.

இடிந்து விழும் என்ற பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஜார்ஜியன் காலம் என்பது 1714-லிருந்து 1830 வரை, நான்கு ஜார்ஜ் மன்னர்கள் வரிசையாக ஆண்ட காலம். அன்றைய டவுன்ஹவுஸ் செங்கல்லோ கல்லோ வைத்த கெட்டிச் சுவர், உள்ளே மர உத்திரம், மரப் பலகைத் தளம், அவ்வளவுதான். குறை இல்லாமல் இல்லை. சுவருக்குள்ளேயே நீளவாக்கில் மரக்கட்டைகளைப் பதித்துக் கட்டினார்கள், அவை 200 வருஷ ஈரத்தில் உளுத்துப்போகும். முகப்புக்கு மட்டும் நல்ல செங்கல்லை வைத்துப் பின்னால் மட்டமானதை அடுக்கி, இரண்டையும் சரியாகப் பிணைக்காமல் விட்டார்கள், அதனால் முகப்பு மெல்ல வெளியே வயிறு தள்ளும். ஆனால் இதெல்லாம் பல வருஷம் எடுத்து, விரிசலும் சாய்வுமாகக் கண்ணுக்குத் தெரிந்து நடக்கிற சங்கதி. வீட்டின் முகப்பில் வட்டமாகவோ எக்ஸ் வடிவத்திலோ இரும்புத் தட்டு தெரிந்தால் பதற வேண்டாம். சுவரை உள்ளே உத்திரத்தோடு இழுத்துக் கட்டிய கம்பியின் தலை அது, யாரோ கவனித்துச் சரிசெய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த 1770-களை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஊர்களில் நிறைய வீடுகளுக்கு ஜார்ஜியன் என்பது தெருவைப் பார்த்த முகம் மட்டும்தான். நூறு, இருநூறு வருஷம் முந்தைய மரச்சட்ட வீட்டின் முன்னால் நாகரிகத்துக்காக ஒரு செங்கல் முகப்பை ஒட்டிவிடுவார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தால் தளமட்டம் ஒன்றோடொன்று ஒட்டாது, நாலு எட்டுக்கு ஒரு படி ஏறி இறங்க வேண்டியிருக்கும். இது வெறும் வரலாற்று ஆர்வம் என்று நினைக்காதீர்கள். முகப்பைப் பார்த்துப் போட்ட தேதியை நம்பி உள்ளே சுவர் செங்கல் என்று எடுத்துக்கொண்டால், அங்கே இருப்பது மரச்சட்டமும் பூச்சுமாக இருக்கலாம், தீ என்று வரும்போது இரண்டும் ஒன்றில்லை.

சரி, படிக்கட்டுக்கு வருகிறேன். இந்த வீடுகள் அகலத்தில் குறுகி உயரத்தில் நீண்டவை. பேஸ்மென்டில் சமையல், தரைத்தளத்தில் சாப்பாட்டு அறை, முதல் மாடியில் விருந்தினரை உட்காரவைக்கும் பெரிய ஹால், அதற்கு மேல் படுக்கையறைகள், உச்சியில் வேலைக்காரர்கள். வெளியே நின்று ஜன்னல்களைப் பார்த்தாலே இது தெரியும், முதல் மாடி ஜன்னல்தான் பெரும்பாலும் மிக உயரம், மேலே போகப்போகக் குள்ளமாகும். அன்று வேலைக்காரப் பெண்கள் சுருண்டு படுத்த அதே அறையில்தான் இன்று வருஷத்துக்கு லட்சக்கணக்கில் கட்டணம் கட்டும் பிள்ளைகள் தூங்குகிறார்கள், அந்த வேடிக்கை இருக்கட்டும். விஷயம் என்னவென்றால் இத்தனை தளத்தையும் இணைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு மரப் படிக்கட்டு, அது அடியிலிருந்து உச்சி வரை திறந்த கிணறு மாதிரி நிற்கும். கீழே தீப்பிடித்தால் புகைக்கு அதுதான் பாதை. மேலே இருக்கிற பிள்ளைக்கும் அதேதான் பாதை.

அந்தக் காலத்தில் தீயைப் பற்றி யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1666 தீயில் லண்டனின் பழைய நகரத்தில் பெரும்பகுதி எரிந்த பிறகு அங்கே சட்டம் மேல் சட்டம் போட்டார்கள். 1709-இல் ஜன்னல் மரச்சட்டத்தைச் சுவர் முகத்திலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளி வை என்றது ஒரு சட்டம். 1774 சட்டம் வீடுகளை அளவையும் மதிப்பையும் வைத்துத் தரம் பிரித்து, ஒவ்வொரு தரத்துக்கும் பக்கத்து வீட்டோடு பகிரும் பொதுச் சுவர் எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. இவை லண்டனுக்கானவை, மற்ற ஊர்கள் பார்த்துப் பார்த்துப் பின்பற்றின. கவனித்தால் தெரியும், இந்த விதிகளின் கவலை முக்கியமாகப் பக்கத்து வீடு பற்றியது. இந்த வீட்டுத் தீ அடுத்த வீட்டுக்குத் தாவக் கூடாது. உள்ளே இருப்பவர்கள் எப்படித் தப்புவார்கள் என்பதற்கு அதே 1774 சட்டம் வைத்திருந்த ஏற்பாடு, ஒவ்வொரு திருச்சபை வட்டாரமும் ஒரு மாடி, இரண்டு மாடி, மூன்று மாடி உயரத்துக்கு ஏணிகள் வைத்திருக்க வேண்டும் என்பது. ஏணி வரும் வரை ஜன்னலில் நிற்க வேண்டியதுதான்.

ஜன்னலிலும் நிற்க முடியாமல் போன கதை ஒன்று உண்டு. 1903 ஜூனில் ஈட்டன் பள்ளியின் பழைய விடுதி வீடு ஒன்றில் விடிகாலையில் தீப்பிடித்து இரண்டு மாணவர்கள் இறந்தார்கள். ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தார்கள், பையன்கள் ராத்திரி வெளியே நழுவக் கூடாதே என்று. கட்டியவன் செய்த தப்பைவிட, விடுதியாக நடத்தியவர்கள் அப்புறம் சேர்த்த ஒன்று உயிரை வாங்கிவிட்டது. இந்த வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் இதைத்தான். மூல வீட்டைவிட, அதற்குப் பிறகு வந்தவர்கள் குடைந்ததும் ஒட்டியதும்தான் ஆபத்து.

குடைந்தது என்றால் என்ன என்று ஒரு பலகையைத் தூக்கிக் காட்டுகிறேன். அப்படிப்பட்ட ஒரு விடுதியில் இரண்டாம் மாடித் தளத்தின் பலகைகளைக் கழற்றினோம். அடியில் உத்திரங்களுக்கு நடுவே சாம்பலும் சுண்ணாம்புத் துண்டும் கலந்து கொட்டியிருந்தது, சத்தம் கீழே போகாமல் இருக்க அன்றைக்குப் போட்டது, தீக்கும் அது ஓரளவு தடுப்பு. சுவரோரமாக அதை ஒரு முழ அகலத்துக்கு வாரி எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் ஈயக் குழாய் ஒன்று, காஸ் விளக்குக் காலத்தது, உள்ளே காலி. பக்கத்தில் ரப்பர் உறை பொடிந்த பழைய மின்கம்பி. அதன் மேல் சாம்பல் நிற பிளாஸ்டிக் ஒயர். அதற்கும் மேல் நீல நிற இன்டர்நெட் கேபிள் ஒரு கட்டு. ஒவ்வொரு தலைமுறைக்காரனும் உத்திரத்தில் தனக்கென்று ஒரு ஓட்டை போட்டிருக்கிறான், சுவரிலும் போட்டிருக்கிறான், யாரும் அடைக்கவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டுப் பார்த்தால் அடுத்த அறையின் வெளிச்சம் அந்த ஓட்டை வழியாகத் தெரிந்தது. வெளிச்சம் வந்தால் புகையும் வரும். 2015-இல் சர்ரேயில் கிளாண்டன் பார்க் மாளிகை எரிந்ததே, பேஸ்மென்டில் மின்பலகை ஒன்றில் தொடங்கியது, சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் இருந்த வெற்றிடங்கள் வழியே கூரை வரை போய்விட்டது. அது கிராமப்புற மாளிகை, உங்கள் விடுதியைவிடப் பல மடங்கு பெரிது, ஆனால் தீ போன வழி இதேதான்.

பொதுச் சுவர் கதையிலும் ஒரு திருப்பம் இருக்கிறது. பள்ளிகள் பெரும்பாலும் ஒரு வீட்டோடு நிற்பதில்லை, பக்கத்து வீட்டையும் வாங்கிச் சுவரை உடைத்து வழி வைத்துவிடுவார்கள். தீ தாவாமல் இருக்கக் கட்டிய சுவரில் ஓட்டை போடுவது கேட்க மோசமாக இருக்கிறது. ஆனால் அந்த வழியில் நல்ல தீத்தடுப்புக் கதவு போட்டிருந்தால் மேல்மாடிப் பிள்ளைக்கு இரண்டாவது படிக்கட்டு கிடைத்துவிடும், ஒன்றில் புகை என்றால் மற்றதில் இறங்கலாம். என் கணக்கில் ஒற்றை வீட்டு விடுதியைவிட இப்படி இணைத்த இரட்டை வீடு பல சமயம் பாதுகாப்பானது. பெரிய வீடுகளில் வேலைக்காரர்களுக்கென்று பின்படிக்கட்டு ஒன்று இருந்திருக்கும், அதைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கழிப்பறை அடுக்கியதும் நிறைய நடந்திருக்கிறது. ஆகவே பள்ளிக்கு நீங்கள் எழுத வேண்டிய முதல் கேள்வி: என் மகளின் அறையிலிருந்து இறங்க எத்தனை படிக்கட்டு? ஒன்றுதான் என்றால் அதற்கு ஈடாக என்ன செய்திருக்கிறீர்கள்?

இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம், பதில் சொல்வது அவர்கள் கடமை. இங்கிலாந்தில் 2005 தீப்பாதுகாப்பு ஆணைப்படி இப்படிப்பட்ட இடத்துக்குத் தீ அபாய மதிப்பீடு இருந்தே ஆக வேண்டும். கடைசியாக எப்போது செய்தீர்கள், அதில் சொன்ன வேலைகளில் எவை பாக்கி என்று கேளுங்கள். அறிக்கை முழுவதையும் தர மாட்டார்கள், பரவாயில்லை, இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். விடுதிப் பள்ளிகளுக்கென்று தேசிய குறைந்தபட்ச தரநிலைகள் உண்டு, அதன்படி பிள்ளைகள் விடுதியில் இருக்கும் நேரத்தில் கல்விப் பருவத்துக்கு ஒரு தடவையாவது தீப்பயிற்சி நடத்த வேண்டும், ஒவ்வொரு விடுதியிலும் பொறுப்பான பெரியவர் ஒருவராவது இரவில் தங்க வேண்டும். பகலில் மணியடித்து மைதானத்தில் வரிசை நிற்பது பயிற்சியில் சேர்த்தியே இல்லை. ராத்திரியில் எப்போது செய்தீர்கள், எத்தனை நிமிஷத்தில் வீடு காலியானது என்று கேளுங்கள்.

நேரில் போக வாய்ப்புக் கிடைத்தால் கதவுகளைப் பாருங்கள். படிக்கட்டைப் பார்த்துத் திறக்கிற அறைக் கதவுகள்தான் முக்கியம். ஜார்ஜியன் கதவின் பேனல்கள் சில இடத்தில் உங்கள் சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது, அப்படியே விட்டால் சில நிமிஷத்துக்கு மேல் தாங்காது. சூட்டில் உப்பி இடுக்கை அடைக்கும் பட்டையும், நுரைத்து வரும் வார்னிஷும் போட்டு, விளிம்பில் புகைத் தடுப்பு வைத்து, அந்தப் பழைய கதவையே அரை மணி நேரம் தாங்குகிற அளவுக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். அதைவிட முக்கியம், கதவு தானாக மூடுகிறதா என்பது. வாசலில் கம்பளத்தைப் பாருங்கள். ஒரே இடத்தில் ஆப்பு வடிவத்தில் நசுங்கியிருந்தால் அந்தக் கதவை நாள் முழுக்க முட்டுக்கொடுத்துத் திறந்துவைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். என்ன செலவு செய்து கதவை மேம்படுத்தியும் ஒரு பழைய ஷூ அதைக் கெடுத்துவிடும். அலாரம் அடித்தால் தானாக விடுபடும் காந்தப் பிடிப்பான் வைத்திருந்தால் பள்ளி இந்தப் பழக்கத்தை யோசித்திருக்கிறது.

ஆஸ்பெஸ்டாஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கதவு என்றதும் சொல்லியாக வேண்டும். அது ஜார்ஜியன் சரக்கே இல்லை. 1950-களிலிருந்து 70-கள் வரை தீத்தடுப்பு என்ற பெயரில் இதே பழைய கதவுகளின் மேலும் படிக்கட்டுக்கு அடியிலும் ஆஸ்பெஸ்டாஸ் பலகையை அடித்துவைத்தார்கள். பிரிட்டனில் முழுத்தடை வந்தது 1999-இல்தான். இருந்தால் எங்கே இருக்கிறது என்று பள்ளியிடம் பதிவேடு இருக்க வேண்டும். சுவரில் பழைய ஈயப் பெயின்ட் இருக்கவே இருக்கும், அதன் மேல் பல பூச்சு ஏறி முழுசாக இருக்கும் வரை 13 வயதுப் பிள்ளைக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை. சுரண்டுவதுதான் கூடாது.

குளிர் விஷயத்தில் ஒளிக்க ஒன்றுமில்லை, குளிரும். சாஷ் ஜன்னல் என்பது மேலும் கீழும் வழுக்கும் இரண்டு மரச்சட்டம், பக்கத்துப் பெட்டிக்குள் கயிற்றில் எடைக்கட்டி தொங்கும், அந்த இடுக்கு வழியாகக் காற்று வரும். கண்ணாடி ஒற்றை, அதுவும் மெல்லியது. உள்பக்கம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் ஒன்று பொருத்தியிருந்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும், தெருச் சத்தமும் குறையும். மேல்மாடி என்பதால் ஜன்னல் எவ்வளவு திறக்கும் என்றும் பாருங்கள், பிள்ளைகள் இருக்கும் இடத்தில் சுமார் 10 சென்டிமீட்டருக்கு மேல் திறக்காதபடி தடுப்பு வைப்பது வழக்கம். இரவில் அநேகமாகச் சூட்டைக் குறைத்துவிடுவார்கள், நல்ல கனமான போர்வை ஒன்று கொடுத்தனுப்புங்கள். ஜூனில் இதே அறை கூரைச் சூட்டில் வேகும், அதை யாரும் கையேட்டில் போடுவதில்லை.

ஈரம் கொஞ்சம் நுணுக்கமானது. அந்தச் சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை, நனைந்தால் தானே உலரும். பிற்பாடு வந்தவர்கள் வெளியே சிமென்ட் வைத்துப் பூசி, உள்ளே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் உள்ளே போன ஈரம் உள்ளேயே நிற்கும். அதோடு ஒரு குடும்பம் இருந்த வீட்டில் நாற்பது பிள்ளைகள் தினம் குளித்து ஈரத் துண்டை ஹீட்டரில் போட்டால் மூலையில் கறுப்புப் பூசணம் வராமல் எப்படி? மேல்மாடி அறையில் சீலிங்கில் மஞ்சள் கறை இருந்தால் அதற்கு வேறு காரணம், கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஈயத் தகட்டு வாய்க்காலில் இலை அடைத்திருக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை ஒருவர் ஏறி வாரிப் போட்டால் தீர்ந்துபோகும் வேலை. மகளுக்கு ஆஸ்துமா இருந்தால் இந்தப் பூசண விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் மூக்கை நம்பினால் போதும்.

இவ்வளவு தொல்லை என்றால் ஏன் இடித்துவிட்டுக் கட்டக் கூடாது என்று உங்கள் கேள்விக்கு வந்த பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். சட்டம் விடாது. இந்த மாதிரி வீடுகள் பெரும்பாலும் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருக்கும், அனுமதி இல்லாமல் இடிப்பதும் தன்மையைப் பாதிக்கும்படி மாற்றுவதும் கிரிமினல் குற்றம். அதோடு பள்ளிகளுக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு, அது வெறும் விளம்பரம் என்று தள்ளவும் முடியாது. டவுன்ஹவுஸில் மாணவர்கள் தங்குவது பின்னால் வந்த ஏற்பாடு என்று நினைக்கிறோம், உண்மையில் ஜார்ஜியன் காலத்திலேயே பெரிய பள்ளிகளைச் சுற்றியிருந்த வீடுகளில் டேம் என்று அழைத்த வீட்டுக்காரம்மாக்கள் பையன்களைத் தங்கவைத்துச் சோறு போட்டார்கள். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் கிராண்ட்ஸ் என்ற விடுதி இன்றும் இருக்கிறது, 1750-இல் தொடங்கியது, அப்படி வீடு நடத்திய கிராண்ட் குடும்பத்துப் பெண்களின் பெயர் அது. எல்லா வீட்டுக்கும் இவ்வளவு இனிமையான கதை கிடையாது. வெல்ஸ் நகரத்துக் கதீட்ரல் பள்ளியின் வசம் இருக்கும் சீடர்ஸ் என்ற அழகான வீட்டை 1750-களின் கடைசியில் தாமஸ் பேட்டி என்ற பிரிஸ்டல் கட்டடக் கலைஞர் டட்வே குடும்பத்துக்காகக் கட்டினார், அந்தக் குடும்பத்தின் பணத்தில் ஆன்டிகுவாத் தீவுக் கரும்புத் தோட்டமும் அங்கே அடிமைகளின் உழைப்பும் இருந்தன. கையேட்டில் முகப்பின் படம் வரும்போது இதையும் ஒரு வரி போடலாம் என்பது என் எண்ணம்.

புது பிளாக் கேட்கலாமா? படிக்கட்டு, ராத்திரிப் பயிற்சி, அபாய மதிப்பீடு மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் நான் கேட்க மாட்டேன். மழுப்பினால் கேட்பேன், அதிலும் ஒற்றைப் படிக்கட்டு வீட்டின் உச்சி அறை என்றால் குறைந்தபட்சம் கீழ்த்தள அறையாவது கேட்பேன். புது பிளாக் என்றாலே பத்திரம் என்றும் இல்லை, முட்டுக்கொடுத்த கதவு அங்கேயும் முட்டுக்கொடுத்த கதவுதான். பள்ளியின் விடுதி ஆய்வு அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், கடைசி இரண்டு அறிக்கைகளில் பராமரிப்பு, தீ என்று வரும் இடங்களைப் படியுங்கள். வீட்டின் முகவரி தெரிந்தால் பழைய கட்டடங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற பொது அமைப்பின் தேசியப் பட்டியலிலும் தேடிப் பாருங்கள், கட்டிய காலம் பற்றி கையேட்டைவிட அது நம்பகம். பழைய பதிவாக இருந்தால் நாலு வரிதான் இருக்கும், பெரும்பாலும் வெளிப்புறம் பற்றியே, முடிவில் உட்புறம் பார்வையிடப்படவில்லை என்றுகூட எழுதியிருக்கலாம். அப்படி இருந்தாலும் சட்டப் பாதுகாப்பு உட்புறத்துக்கும் சேர்த்துத்தான், ஆனால் அதைக் காட்டி, பழைய கட்டடம் என்பதால் உள்ளே எதையும் மாற்ற விடமாட்டார்கள் என்று பள்ளி சாக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். தீத்தடுப்புக்காக முறையாக வரைந்து கேட்ட மாற்றங்களுக்கு உள்ளூர் அதிகாரிகள் பேசி வழிகண்டு அனுமதி கொடுப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.